சி.என்.சி. ரவுட்டருக்கு ஒரு மேசை: கடலோரத்தில் செய்கிறவர்களுக்கு

வீட்டு வாசலில் மாட்ட, கணினி சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் சி.என்.சி. ரவுட்டரில் பெயர்ப்பலகை செதுக்கினேன். ஒரு மில்லிமீட்டர் ஆழம் கொடுத்திருந்தேன். முதல் எழுத்தில் ரவுட்டர் ஒன்றரை மில்லிமீட்டருக்குத் தோண்டிவிட்டது. எதிர்மூலையில் இருந்த கடைசி எழுத்து நகக்கீறல் போல இருந்தது. இரண்டு வாரம் இயந்திரத்தையே திட்டினேன். கழற்றினேன், மாட்டினேன், வெட்டுமுனையைச் சுழற்றும் ஸ்பிண்டிலை நிமிர்த்தினேன். கோளாறு மேசையில் இருந்தது. அதைப் பிரித்துவிட்டு இரண்டாவதாகச் செய்த மேசையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

என் இயந்திரம் 600 × 400 மி.மீ. வேலைப்பரப்பு கொண்டது. அதற்கு 1200 × 900 மி.மீ. மேசை, 800 மி.மீ. உயரம். குனியாமல் வெட்டுமுனை கண்ணுக்குத் தெரிய வேண்டும். உங்கள் இடுப்புக்கு ஏற்ப உயரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அளப்பது, அறுப்பது, துளையிடுவதை விளக்கப்போவதில்லை.

மரமா, இரும்பா?

ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்துக்குப் பஞ்சமில்லை. கனமான, உறுதியான மரம்தான். ஆனால் நான்கடி நேராக ஒரு துண்டு தேடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். விறகுக்கும் கரிக்கும் அது சரி. பழைய படகை உடைத்த மரமும் மலிவாகக் கிடைக்கிறது. அது உப்பில் ஊறிய மரம். அதில் முடுக்கிய போல்ட்டைப் பிறகு கழற்ற நினைத்தால் தலை மட்டும்தான் கையோடு வரும்.

நான் இரும்புக் கட்சி. 50 × 50 மி.மீ. சதுரக் குழாய், 3 மி.மீ. கனம். 6 மீட்டர் நீளத்தில் மூன்று குழாய் வாங்கினால் மேல்சட்டம், கீழ்சட்டம், கால்கள், குறுக்குச்சட்டங்கள் எல்லாவற்றுக்கும் போதும். சட்டம் மட்டும் 65 கிலோவுக்கு மேல் வரும். இதற்கு 2 மி.மீ. கனம் போதும் என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

குறுக்குச்சட்டம் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் மூலைக்கு மூலை சாய்வாகப் போக வேண்டும். ஸ்பிண்டிலைச் சுமந்து போகும் பாலம் விரைந்து போய்ச் சட்டென்று திரும்பும் ஒவ்வொரு தடவையும் மேசையைப் பக்கவாட்டில் உதைக்கிறது. சாய்சட்டம் இல்லாத மேசை பழைய கட்டில் போல ஆடும். அந்த ஆட்டம் வெட்டிய விளிம்பில் அலை அலையாகத் தெரியும். முன்பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும்.

வெல்டிங்: தேநீர் குடிக்கப் போகாதீர்கள்

பற்றவைத்த இடம் குளிரும்போது சுருங்கி இரும்பை இழுக்கும். ஆகவே முதலில் எல்லா மூலைகளிலும் சிறு பொட்டு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். மேல்சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, இரண்டும் சமமா என்று பாருங்கள். அதன் பிறகு ஒரு மூலையில் கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பற்றவைக்க வேண்டும். என் முதல் மேசையின்போது பட்டறையில் ஒவ்வொரு மூலையாக முழுவதும் முடித்துக்கொண்டே போனார்கள். நான் எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

முறுக்குப் பார்ப்பது

நான் சறுக்கிய இடம் இதுதான். மேசையின் நான்கு விளிம்பிலும் அரையடி ரசமட்டத்தை வைத்துப் பார்த்திருந்தேன். எல்லா இடத்திலும் குமிழி கோட்டுக்குள்தான் நின்றது. பிறகெப்படி?

எங்கள் தெருவில் படகு கட்டும் ஓடாவி ஒருவர் இருக்கிறார். அவர் வந்து மேசையின் விளிம்பில் தாடையை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். “தம்பி, மேசை முறுக்கிக்கிடக்கிறது. மேசை எப்படியோ அப்படித்தானே மிஷினும் படுக்கும்?” என்றார். ரசமட்டத்தைக் காட்டினேன். “மணலில் வைத்துக் கட்டுகிற படகுக்கு இது எதற்கு?” என்று ஒதுக்கிவிட்டு, தூண்டில் நரம்பும் ஈயக்குண்டும் கேட்டார்.

மட்டம் வேறு, முறுக்கு வேறு. மேசை ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தால் ரவுட்டருக்கு ஒன்றுமில்லை. நான்கு மூலைகளும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால்தான் வினை. இயந்திரத்தை மேசையோடு சேர்த்து முடுக்கும்போது, அதன் அலுமினியச் சட்டமும் மேசையின் முறுக்குக்கு இழுபட்டுப் போகிறது.

அவர் செய்ததைச் சொல்கிறேன். சட்டத்தின் நான்கு மூலைகளிலும் ஒரே அளவுள்ள நான்கு நட்டுகளைப் படுக்க வைத்தார். அவற்றின் மேல் மூலைக்கு மூலை இரண்டு நரம்புகளைக் குறுக்காகப் போட்டு, நான்கு முனைகளிலும் ஒரே எடையுள்ள ஈயக்குண்டுகளைத் தொங்கவிட்டார். கையால் இழுத்துக் கட்டினால் ஒன்று தொய்யும், ஒன்று விறைக்கும்; குண்டு தொங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது நரம்புகள் நடுவில் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். முறுக்கு இல்லையென்றால் மேல் நரம்பு கீழ் நரம்பை லேசாகத் தொட்டுக்கொண்டு போகும். இடைவெளி தெரிந்தால் முறுக்கு உண்டு. தொட்டால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். மேல் நரம்பு கீழ் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம், அதுவும் முறுக்குதான். எனவே கீழே இருப்பதை மேலே மாற்றிப் போட்டு இன்னொரு தடவை பாருங்கள்.

கணக்கு எளிது. நடுவில் தெரியும் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு ஒரு மூலை தளத்திலிருந்து விலகியிருக்கிறது. என் மேசையில் இடைவெளி ஒன்றரை மி.மீ.; அப்படியானால் மூலையில் மூன்று. மேசையின் முழு நீளத்தில் பரவிய அந்த மூன்று, அரையடி ரசமட்டத்தின் குமிழியைக் கோட்டுக்கு வெளியே தள்ளப் போதவில்லை. புதிய சட்டத்தை எவ்வளவோ கவனமாகப் பற்றவைத்தும் அரை மி.மீ. இடைவெளி வந்தது. தாழ்ந்த மூலையில், பலகையை முடுக்கும் போல்ட்டைச் சுற்றி ஒரு மி.மீ.க்கு அடைகொடுத்தேன். பழைய எக்ஸ்ரே பிலிம் ஏறக்குறைய 0.2 மி.மீ. கனம், ஐந்து துண்டு அடுக்கினால் தீர்ந்தது. குளிர்பானக் கேனைக் கத்தரித்து வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். இங்கே வேண்டாம். உப்புக்காற்றில் அலுமினியமும் இரும்பும் ஒட்டியிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

உப்பு

மண்டபம் ஊருக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தென்காற்றான சோளகம் அடித்தாலும் உப்பு, வாடை அடித்தாலும் உப்பு. 1914இல் திறந்த பாம்பன் பாலத்தையே அரித்த காற்று நம் மேசையை விட்டுவைக்குமா?

வெல்டிங் முடிந்ததும் கசடைத் தட்டி, குழாயின் திறந்த முனைகளையெல்லாம் தகடு வைத்து அடையுங்கள். பிறகு சட்டத்தை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, உப்புத்தாள் போட்டு, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். ஓரிரவு வெளியே கிடந்தால் மறுபடி கழுவ வேண்டும். ரெட் ஆக்ஸைடு பிரைமர் மட்டும் அடித்த என் முதல் மேசையின் கால்கள் அடுத்த மழைக்காலத்துக்குள் கொப்பளித்துவிட்டன. இந்த முறை எப்பாக்சி பிரைமர், அதன்மேல் எப்பாக்சி பெயிண்ட் இரண்டு பூச்சு. போல்ட் வாங்கும்போது 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு தருவார்கள். கடலோரத்தில் அதிலும் பழுப்புக்கறை ஏறும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் கேட்டு வாங்குங்கள்.

மேல்பலகை

ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட், 18 மி.மீ., இரண்டு அடுக்கு. அடைகொடுத்த சட்டத்தின் மேல் முதல் அடுக்கை முடுக்கி, பசை தடவி இரண்டாவதை வைத்து, மேலே தண்ணீர்க் கேன்களை ஏற்றி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். சமமாகப் படுத்த நிலையில் ஒட்டிய பலகை அந்த நிலையிலேயே நிற்கும். வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ் கட்டாயம். இயந்திரத்தை முடுக்குவதற்கு முன்னால் இன்னொரு முறை நரம்பு பிடியுங்கள்.

கால்களின் அடியில் எம்16 (16 மி.மீ.) போல்ட் வைத்த திருகுகால்கள் போடுங்கள். தரை மணல்மேல் போட்ட சிமெண்டாக இருந்தால் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு கடப்பைக்கல் துண்டு வையுங்கள். கீழ்த்தட்டில் நான்கு மணல்மூட்டை. மேசை கனக்கக் கனக்க ஆட்டம் குறையும்.

பின்சேர்க்கை

இதே அளவில் மேசை செய்த தொண்டிக்கார நண்பர் ஒருவர், கீழ்த்தட்டு துருப்பிடித்து ஒழுகுகிறது என்று படம் அனுப்பினார். மூட்டையில் கடற்கரை மணல். அந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தட்டிலேயே கசிந்திருக்கிறது. ஆற்றுமணலோ எம்-சாண்டோ போடுங்கள், அதையும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள்.

இன்னொருவர், எல்லாம் சரியாகச் செய்தும் ஐப்பசியில் ஆழம் மாறுகிறதே என்று கேட்டார். அது மேசையின் குற்றமல்ல. வெட்டுமுனை கீழே படாமலிருக்க மேலே போடும் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலிப்பலகை ஈரத்தில் உப்பிவிடுகிறது. மழை பிடித்து ஒரு வாரம் ஆனதும், அகல முனை ஒன்றை மாட்டி இயந்திரத்தை வைத்தே அரை மி.மீ. சீவிவிடுங்கள். தை பிறந்து காய்ந்ததும் இன்னொரு முறை.

நரம்பையும் குண்டுகளையும் தனியாக ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். குண்டுகள் ஓடாவியுடையவை, இதுவரை இரண்டு முறை கேட்டுவிட்டார்.