பிக்கப் கேபினில் சப்வூஃபர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொயோட்டா ஹைலக்ஸ், இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் மாதிரியான டபுள் கேப் பிக்கப்களில் டிக்கி கிடையாது. பின்னால் இருப்பது வெயிலும் மழையும் படும் லோடு பாடி. பேஸ் வேண்டுமென்றால் சப்வூஃபரையும் (ஆழ்ந்த பேஸுக்கான ஸ்பீக்கர், சுருக்கமாக ஊஃபர்) அது உட்காரும் பலகை பாக்ஸையும் வைக்கப் பின் சீட்டுக்கு அடியிலோ, சீட்டின் முதுகுக்கும் கேபினின் பின்சுவருக்கும் நடுவிலோதான் இடம் தேட வேண்டும். இந்த இரண்டு இடத்திலும் வேலை கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஊஃபரை வாங்கிவிட்டு, அதற்குப் பிறகு இடத்தை அளப்பது. இடம் எவ்வளவு, அதற்குள் எத்தனை லிட்டர் காற்று நிற்கும், அந்தக் காற்றுக்கு எந்த ஊஃபர் ஒத்துவரும் என்ற வரிசையில் போனால் பாதிச் சிக்கல் வராது.

வெளி அளவை உள் அளவு என்று எடுத்துக்கொள்வது

சீட்டுக்கு அடியில் 900 மி.மீ. நீளம், 300 மி.மீ. அகலம், 150 மி.மீ. உயரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 40.5 லிட்டர். "40 லிட்டர் பாக்ஸ்" என்று நம்பி ஊஃபர் வாங்கினால் அங்கேயே தப்பு. 18 மி.மீ. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் செய்தால் ஒவ்வொரு பக்க அளவிலும் 36 மி.மீ. போய்விடும். உள்ளே மிஞ்சுவது 864 × 264 × 114, அதாவது 26 லிட்டர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பலகையே தின்றுவிட்டது. ஊஃபரின் காந்தமும் கூடையும் இன்னும் ஒரு லிட்டர் அளவுக்குப் பிடிக்கும்.

இதே பாக்ஸை 12 மி.மீ. நல்ல பிளைவுட்டில் செய்தால் உள்ளே 30.5 லிட்டர் கிடைக்கும். ஆனால் 12 மி.மீ. பலகை நீளவாக்கில் அதிரும். நடுவில் ஓட்டை போட்ட ஒரு குறுக்குத் தாங்கல் வைத்து மேல் பலகையையும் அடிப் பலகையையும் இணைக்க வேண்டும். ஊஃபர் உட்காரும் பலகையை மட்டும் 18 மி.மீ. ஆகவே விடுங்கள். எங்கள் கணக்கில் பிக்கப்புக்குப் பிளைவுட்தான் சரி. எடையும் குறையும், கால்மிதி ஈரம், கழுவும்போது தேங்கும் தண்ணீர் பட்டால் எம்டிஎஃப் ஊதிவிடும்.

சீட்டுக்குப் பின்னால் வைக்கும் பாக்ஸ் மேலே ஒல்லியாகவும் கீழே பருமனாகவும் இருக்கும். கீழ் ஆழத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போடக்கூடாது. மேல் ஆழமும் கீழ் ஆழமும் கூட்டி இரண்டால் வகுத்து, அதை உயரத்தாலும் அகலத்தாலும் பெருக்க வேண்டும். எல்லாம் உள் அளவு. மி.மீ. கணக்கில் வந்த விடையைப் பத்து லட்சத்தால் வகுத்தால் லிட்டர். ஊஃபருடன் வரும் தாளில் கன அடி போட்டிருந்தால் ஒரு கன அடி 28.3 லிட்டர்.

பலகை அறுக்கும் முன் அட்டைப்பெட்டியை வெட்டி அதே அளவில் ஒரு மாதிரி செய்து உள்ளே வையுங்கள். பின் சீட்டை மடக்கி, தூக்கி, இறக்கிப் பாருங்கள். முன் சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளுங்கள். பல வண்டிகளில் ஜாக்கியும் ஸ்பேனர் பையும் இந்த இடத்தில்தான் இருக்கும். அவற்றுக்கு வேறு இடம் முடிவாகாமல் பாக்ஸை முடிவு செய்யாதீர்கள்.

ஆழத்தைத் தப்பாகப் படிப்பது

ஊஃபர் தாளில் உள்ள மவுன்டிங் ஆழம், ஃபிரேமின் விளிம்பு பலகையில் உட்காரும் இடத்திலிருந்து காந்தத்தின் முதுகு வரை. ஆகவே ஊஃபர் உட்காரும் பலகையின் தடிமனும் உங்கள் கணக்கில் சேரும். மேலே சொன்ன 18 மி.மீ. பாக்ஸில் கிடைப்பது 114 + 18 = 132 மி.மீ. சாதாரண 10 அங்குல ஊஃபர்கள் பல 125 முதல் 150 மி.மீ. வரை கேட்கும், இதில் நிற்காது, நின்றாலும் மூச்சுவிடாது. காந்தத்தின் நடுவில் காற்றுத் துளை இருந்தால் அதற்குப் பின்னால் குறைந்தது 20, 25 மி.மீ. வெற்றிடம் வேண்டும். இல்லாவிட்டால் ஊஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) சூடாகும், புஸ் புஸ் என்று காற்றுச் சத்தமும் வரும். 75 முதல் 90 மி.மீ. ஆழமுள்ள ஷாலோ மவுன்ட் (ஆழம் குறைந்த) வகைதான் இங்கே பொருந்தும்.

பின்பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு முன்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். ஊஃபரின் கோன் (அசையும் கூம்பு) வெளியே தள்ளும்போது விளிம்பு ரப்பர் சீட்டின் அடிக் கம்பியில் உரசினால் சில வாரத்தில் கிழியும். ஊஃபரைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்து வைப்பதாக இருந்தால், கார்பெட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் 40 மி.மீ. இருக்கும்படி பாக்ஸுக்குக் கால் வையுங்கள். அந்த 40 மி.மீ. பாக்ஸின் உயரத்திலிருந்துதான் போகும், முதலிலேயே கழித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் இரும்பு கிரில் கட்டாயம். தண்ணீர் பாட்டில், செருப்பு எல்லாம் சீட்டுக்கு அடியில்தான் உருளும்.

போர்ட் பாக்ஸ் ஆசை

பாக்ஸில் போர்ட் (உள் காற்று வெளியே போய்வரும் குழாய்) வைத்தால் அதே வாட்டில் சத்தம் கூடும் என்பது உண்மை. அதற்கு விலை இடம். 26 லிட்டர் பாக்ஸை 33 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்ய, அதாவது போர்ட் அந்த அதிர்வெண்ணில் ஒலிக்க, 100 சதுர செ.மீ. வாயுள்ள போர்ட் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வேண்டும். அந்தப் போர்ட்டே 10 லிட்டர் பிடிக்கும். மிஞ்சுவது 16 லிட்டர். பாக்ஸ் சிறுத்ததால் போர்ட் இன்னும் நீள வேண்டும். இது முடிகிற கணக்கில்லை. கடைசியில் போர்ட்டைக் குட்டையாக வெட்டுவார்கள். டியூனிங் 50, 60 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே "டொம்" வரும், அதற்குக் கீழே உள்ள ஸ்வரங்களில் கோன் பிடிமானமில்லாமல் ஆடும்.

போர்ட் இல்லாத மூடிய பாக்ஸுக்குப் பிக்கப் கேபினே துணை நிற்கிறது. அலையின் பாதி நீளம் கேபின் நீளத்தைவிடப் பெரிதாகும்போது கேபின் முழுக்கக் காற்றழுத்தம் ஒன்றாக ஏறி இறங்கும். இரண்டரை மீட்டர் நீளக் கேபினில் இது சுமார் 70 ஹெர்ட்ஸில் தொடங்கும். மூடிய பாக்ஸின் சத்தம் கீழே போகப் போக ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் இறங்கும். அந்த இறக்கத்தில் பெரும்பகுதியைக் கேபின் ஈடுகட்டிவிடும். கதவு இடுக்கிலும் தகரத்திலும் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். சின்ன கேபினில் மூடிய பாக்ஸை ஏழைகளின் தேர்வு என்று நினைக்க வேண்டாம். அங்கே அதுதான் சரியான தேர்வு.

இரண்டு ஊஃபர் வேண்டுமா? அதே பாக்ஸில் இரண்டு 10 அங்குலம் வைத்தால் ஒன்றுக்கு 12 லிட்டர்தான் தேறும். சில ஷாலோ மாடல்கள் அதை ஏற்கும், பல மாடல்கள் 15 லிட்டருக்கு மேல் கேட்கும். காற்று போதாத ஊஃபர் மேல் பேஸில் முட்டி முழங்கி, கீழ் பேஸைத் தொடாது. தாளைப் பார்த்து முடிவெடுங்கள். சந்தேகமிருந்தால் ஒன்றே போதும்.

ஓம் கணக்கு, ஒயர், எர்த்

ஓம் என்பது மின்தடையின் அளவு. இரண்டு காயில், காயிலுக்கு 4 ஓம் உள்ள ஊஃபர் ஒன்றின் காயில்களைப் பேரலலில் (பக்கவாட்டில்) இணைத்தால் 2 ஓம், சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) 8 ஓம். இரண்டு ஊஃபரின் நான்கு காயிலையும் பேரலலில் போட்டால் 1 ஓம். 2 ஓம் வரைதான் தாங்கும் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) புரொடெக்ஷனுக்குப் போய்விடும், அதாவது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். ஆம்பைத் தீர்மானித்த பிறகே காயில் ஓமைத் தேர்ந்தெடுங்கள். பெட்டி மேல் உள்ள "மேக்ஸ்" வாட்டை விட்டுவிட்டு ஆர்எம்எஸ் வாட்டை (தொடர்ந்து தரும் அல்லது தாங்கும் வாட்) மட்டும் பாருங்கள்.

500 வாட் ஆர்எம்எஸ் தரும் கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப் முழு வீச்சில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 4 கேஜ், அதாவது 21 சதுர மி.மீ. செம்பு ஒயர் வேண்டும். மலிவான கிட்டில் வருவது செம்பு பூசிய அலுமினியம். அதை வாங்கினால் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அது காப்பது ஒயரை. ஆம்ப் பக்கத்தில் மட்டும் வைத்தால் வழியில் ஒயர் உரசித் தீப்பிடிப்பதைத் தடுக்காது. இன்ஜின் பக்கத் தகரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் கிரோமெட் (ஓட்டையின் விளிம்பில் மாட்டும் வளையம்) இல்லாமல் இழுக்கவே கூடாது.

எர்த்தில்தான், அதாவது ஆம்பின் நெகட்டிவ் ஒயரை வண்டியின் தகரத்தில் பிடிப்பதில்தான், பிக்கப்புக்கென்று ஒரு தனிச் சிக்கல். கேபினும் லோடு பாடியும் சேஸி மேல் தனித்தனியாக உட்கார்ந்தவை, கேபின் ரப்பர் மவுன்ட் மேல் நிற்கிறது. ஆகவே எர்த்தை லோடு பாடி போல்டில் கொடுக்காதீர்கள். கேபின் தரையிலேயே பெயிண்டைச் சுரண்டி, வெள்ளைத் தகரம் தெரிந்த இடத்தில் போல்ட் போட்டு, 45 செ.மீ.க்குள் முடியுங்கள். சீட் பெல்ட் போல்டைத் தொட வேண்டாம். துளை போடும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்: டீசல் டேங்க், பிரேக் பைப், ஒயர் கட்டு எல்லாம் அந்தப் பக்கம் ஓடும். முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, கை வைக்காதீர்கள்.

பாக்ஸைச் சும்மா உட்கார வைப்பது

பலகை, காந்தம் எல்லாம் சேர்ந்து 15 கிலோவைத் தாண்டும். கட்டாத பாக்ஸ் மோதலில் முன்னால் பறக்கும். எல் பிராக்கெட் வைத்து, சீட் சட்டத்தின் போல்டுகளைத் தொடாமல் தனி போல்டால் தரையில் பிடியுங்கள். பின்சுவரில் ஸ்கிரூ ஏற்ற வேண்டாம். தகரம் ஒற்றை, மறுபக்கம் மழை. குழந்தை இருக்கைக்கான மேல் பட்டை மாட்டும் கொக்கி சீட் முதுகுக்குப் பின்னால் இருந்தால், பாக்ஸ் வைத்த பிறகும் கை போய் மாட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பல பிக்கப்களில் பின்சுவரின் கீழ் மூலையில், டிரிம்முக்குப் பின்னால், காற்று வெளியேறும் ரப்பர் மடல்கள் இருக்கும். கதவை அறைந்து சாத்தும்போதும் ஏசி ஓடும்போதும் காற்று அந்த வழியாகத்தான் போகும். டேம்பிங் ஷீட் (தகரத்தின் அதிர்வைக் குறைக்கும் ஒட்டுத் தாள்) ஒட்டுகிற வேகத்தில் அதையும் மூடிவிட்டால் கதவு சரியாகச் சாத்தாது, கண்ணாடியும் சீக்கிரம் பனி பிடிக்கும். மடலை விட்டுவிட்டு, சுவரின் அகன்ற தட்டையான பகுதியில் மட்டும் ஷீட்டை ஒட்டி ரோலரால் நன்றாக அழுத்துங்கள். சுவர் முழுக்க மூடத் தேவையில்லை.

கெயினைத் திருகிக்கொண்டே போவது

ஆம்பில் உள்ள கெயின், செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு, வால்யூம் குமிழ் அல்ல. ஊஃபர் ஒயரைக் கழற்றி, பேஸ் பூஸ்டை சைபரில் வைத்து, செட்டின் வால்யூமை முக்கால் அளவில் நிறுத்தி, 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஆம்ப் அவுட்டில் மல்டிமீட்டரால் ஏசி வோல்ட் பாருங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட். 300 வாட், 2 ஓம் என்றால் 24.5 வோல்ட். அங்கே நிறுத்துங்கள். லோ பாஸை (அதற்கு மேற்பட்ட ஒலியை வெட்டும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸில் வைத்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஃபேஸை 0, 180 என்று மாற்றிப் போட்டு, எதில் பேஸ் கனமாக வருகிறதோ அதில் விடுங்கள்.

பிறகு 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனைப் போட்டு, ஒருவர் கையால் டிரிம், சறுக்குக் கண்ணாடியின் சட்டம், மேலே உள்ள மூன்றாவது பிரேக் விளக்கு, சீட் பூட்டு என ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வர வேண்டும். எதைப் பிடித்ததும் கடகடப்பு நிற்கிறதோ அங்கே ஃபோம் டேப் ஒட்டுங்கள்.