வுதரிங் ஹைட்ஸ்: அந்தக் காதல் ஏன் அழிந்தது என்று எழுதும்போது செய்யும் தவறுகள்

போன மாதம் முப்பத்திரண்டு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: எமிலி பிராண்ட்டியின் வுதரிங் ஹைட்ஸ் நாவலில் கேத்தரின், ஹீத்கிளிஃப் காதல் ஏன் அழிவில் முடிகிறது? பத்தாவது தாளைத் தாண்டுவதற்குள்ளேயே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதில் இருந்த தவறுகளில் பாதி, இருபது வருடத்துக்கு முன்னால் நான் என் கையால் எழுதியவை. அதே மேற்கோள், அதே வரிசை, ஒரு தாளில் அதே புயல் உவமைகூட. என் பழைய நோட்டு எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறதோ என்று சந்தேகமே வந்துவிட்டது.

தாய் கேத்தரினையும் மகள் கேத்தரினையும் குழப்புவது, எமிலி பிராண்ட்டியின் நாவலை அக்கா ஷார்லட்டின் கணக்கில் எழுதுவது இதெல்லாம் இங்கே வேண்டாம். இரண்டாவது முறை படித்தால் தானாகச் சரியாகிவிடும். நன்றாகப் படிக்கிறவர்களே விழும் குழிகளைத்தான் சொல்லப்போகிறேன்.

"விதி" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போவது

பத்தொன்பது தாள்களில் விதி இருந்தது. விதி என்று எழுதியதும் பேனா நின்றுவிடுகிறது, அதற்கு மேல் யோசிக்க எதுவுமே இல்லாதது போல. ஆனால் இந்த நாவலில் நடப்பது ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் செய்கிறார். யார் செய்தார், எந்த நாளில் செய்தார் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிற கதை இது.

கேத்தரினின் அப்பா, பெரியவர் எர்ன்ஷா, லிவர்பூலுக்குப் போகும்போது பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போகிறார். மகன் ஹிண்ட்லி பிடில் கேட்கிறான், சின்னவள் கேத்தரின் சாட்டை கேட்கிறாள். போக அறுபது மைல், வர அறுபது மைல், நடந்தே போய்த் திரும்பி வந்தவர் மேலங்கியைத் திறந்தால் உள்ளே கந்தல் துணியில் ஒரு பையன், அவன்தான் ஹீத்கிளிஃப். பிடில் நொறுங்கிக் கிடக்கிறது, சாட்டை வழியில் எங்கோ விழுந்துவிட்டது. ஹிண்ட்லி அழுகிறான், கேத்தரின் அந்தப் பையனைப் பார்த்துத் துப்புகிறாள். பகை அந்த ராத்திரியே ஆரம்பிக்கிறது. கேத்தரினின் பகை சில நாளில் தீர்ந்துவிடுகிறது, அண்ணனுடையது தீரவே இல்லை. அப்பா இறந்ததும் மனைவியோடு வந்து வீட்டுக்கு எஜமானாகும் ஹிண்ட்லி முதலில் செய்வது என்ன தெரியுமா? ஹீத்கிளிஃபின் பாடத்தை நிறுத்துகிறான். அதுவரை பாதிரியாரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்த பையன் வயல் வேலைக்குப் போகிறான். கொஞ்ச காலம் கேத்தரின் தான் படித்ததை அவனுக்கும் சொல்லிக் கொடுத்துப் பார்க்கிறாள். பிறகு அவள் அக்கம்பக்கத்துப் பணக்காரர்களான லிண்டன் வீட்டு நாய் கடித்து, அங்கேயே ஐந்து வாரம் தங்கி, பட்டுப் பாவாடையும் வெள்ளை விரல்களுமாகத் திரும்பி வருகிறாள், அவனோ குளிக்காமல் தலை சீவாமல் நிற்கிறான்.

கேத்தரின் பின்னால் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வரியில் "இப்போது" என்று ஒரு சொல் உண்டு. ஹீத்கிளிஃபை இப்போது மணந்தால் எனக்கு இழிவு என்கிறாள். அதற்கு முந்தைய வாக்கியத்திலேயே, உள்ளே இருக்கும் அந்தப் பாவி அவனை இவ்வளவு கீழே தள்ளாமல் இருந்திருந்தால் லிண்டன் வீட்டு மகன் எட்கரை மணப்பதைப் பற்றி நான் நினைத்தே இருக்கமாட்டேன் என்றும் சொல்கிறாள். அந்தப் பாவி அவளுடைய சொந்த அண்ணன். விதி என்று எழுதினால் ஹிண்ட்லி தப்பித்துவிடுகிறான்.

"நான்தான் ஹீத்கிளிஃப்" என்பதை அவனிடம் சொன்னதாக எழுதுவது

இதற்குத்தான் இவ்வளவும். மற்ற தவறுகளைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது, இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது, முதலில் என் மேலேயே.

எம்.ஏ. முடித்திருந்த நேரம். ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் வயதான ஒரு பேராசிரியை. பிடித்த நாவல் எது என்றார், சொன்னேன். பிடித்த காட்சி? யோசிக்காமல் சொன்னேன்: கேத்தரின் ஹீத்கிளிஃபிடம் நான்தான் நீ என்று சொல்கிற இடம் மேடம், விக்டோரியா காலத்து இலக்கியத்திலேயே அதைவிடப் பெரிய காதல் வாக்குமூலம் கிடையாது. கொஞ்சம் கையை வேறு ஆட்டினேன் என்று நினைக்கிறேன். அவர் மெதுவாகக் கேட்டார், "அப்போது அவன் எங்கேம்மா இருந்தான்?" எதிரில்தான் மேடம் என்றேன். அவர் ஃபைலை மூடி, "சரிம்மா, தகவல் சொல்கிறோம்" என்றார். தகவல் வரவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒன்பதாவது அத்தியாயத்தை எடுத்து வைத்துப் படித்தேன். அதுவரை அதை நான் நோட்ஸில் மட்டும் படித்திருந்தேன் என்பதை எனக்கு நானே ஒப்புக்கொள்ள இரண்டு ஸ்டாப்பிங் ஆயிற்று.

காட்சி இதுதான். இடம் அடுப்படி. வேலைக்காரி நெல்லி மடியில் ஹிண்ட்லியின் குழந்தை ஹேர்டனைப் போட்டுத் தாலாட்டிக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் முன்பு குடிபோதையில் ஹிண்ட்லி அந்தக் குழந்தையை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து நழுவவிட, கீழே வந்த ஹீத்கிளிஃப் சட்டென்று பிடித்துக் காப்பாற்றியிருந்தான். பிறகு அவன் கொட்டகைப் பக்கம் போய்விட்டான் என்று நெல்லி நினைக்கிறாள். அவன் போகவில்லை. உயரமான முதுகு வைத்த மரப் பெஞ்சுக்கு அந்தப் பக்கம், சுவரோரம் இருட்டில் கிடக்கிறான். அப்போதுதான் கேத்தரின் உள்ளே வந்து, எட்கர் லிண்டன் பெண் கேட்டான், சரி என்று சொல்லிவிட்டேன், செய்தது சரியா தப்பா என்று கேட்டபடி தரையில் உட்கார்கிறாள். தரையில் இருப்பதால் அந்தப் பெஞ்சின் முதுகு அவளுக்கு அவனை மறைத்துவிடுகிறது.

இழிவு என்ற சொல் வரைக்கும் ஹீத்கிளிஃப் கேட்கிறான். எழுந்து, சத்தமில்லாமல் வெளியே போய்விடுகிறான். அதே மூச்சில் அவள் தொடர்கிறாள்: அதனால் நான் அவனை எவ்வளவு நேசிக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியவே போவதில்லை. உண்மையிலேயே தெரியவில்லை! என்னைவிட அவன்தான் அதிகம் நான், எங்கள் ஆன்மாக்கள் எதனால் ஆனவையோ இரண்டும் ஒன்று, கடைசியில் நான்தான் ஹீத்கிளிஃப் என்று அவள் அடுக்கும் எல்லாமே காலி பெஞ்சின் முதுகுக்குத்தான் சொல்லப்படுகின்றன. காதலைச் சொன்ன காட்சி என்று நாம் மனப்பாடம் செய்து வைத்திருப்பது, காதல் போய்ச் சேராத காட்சி. இதைத் தலைகீழாக எழுதினால், கேள்வி எதைக் கேட்கிறதோ அதையே நீங்கள் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அவன் எதிரில் இருந்து முழுவதும் கேட்டிருந்தால் ஓடிப்போயிருக்கமாட்டானே, அப்புறம் அழிவு எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் உண்டு, அதை அந்தப் பேராசிரியை கேட்காமல் விட்டது என் அதிர்ஷ்டம். நெல்லி பார்த்துவிட்டாள். அவன் எழுந்து போவதைத் திரும்பிப் பார்த்து, திடுக்கிட்டு, உஷ் என்கிறாள். ஏன் என்று கேத்தரின் பதறினால், சரியாக அந்த நேரம் வண்டிச் சக்கரம் சத்தம் கேட்க, வேலைக்காரர் ஜோசஃப் வந்துவிட்டார், ஹீத்கிளிஃபும் அவரோடு வருவான் என்று மழுப்புகிறாள். உண்மையை அவள் சொல்வது ரொம்ப நேரம் கழித்து, அவனைத் தேடிக் கூப்பிட்டுப் பதில் கிடைக்காத பிறகு, அதுவும் காதோடு. இந்தக் கதையை லாக்வுட் என்கிற குடித்தனக்காரருக்கும் அவர் வழியாக நமக்கும் சொல்வது இதே நெல்லிதான். பின்னால் கேத்தரின் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடக்கும்போதும் இவள் எட்கரிடம் சொல்லாமல் விடுகிறாள், எல்லாம் நடிப்பு என்று நினைத்து. அவளைக் கெட்டவள் என்று எழுத வேண்டாம். சாட்சி என்று மட்டும் எழுதிவிட்டுப் போகவும் வேண்டாம்.

அந்த ராத்திரி என்ன ஆனது என்று விடையில் ஒரு வரியாவது வேண்டும். இடி, மழை. கேத்தரின் நனைந்துகொண்டே அவனுக்காகக் காத்திருந்து காய்ச்சலில் விழுகிறாள். தேறி வரட்டும் என்று அவளைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போன லிண்டனின் தாயும் தகப்பனும் அந்தக் காய்ச்சல் தொற்றிச் சில நாள் இடைவெளியில் இறந்துபோகிறார்கள். ஹீத்கிளிஃப் மூன்று வருடத்துக்கு மேல் காணாமல் போகிறான். ஒரு செப்டம்பர் மாலையில் பணக்காரனாக வந்து நிற்கும்போது கேத்தரினுக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதம்தான் ஆகியிருக்கிறது. ஆறே மாதம்! எனக்கு ஒவ்வொரு முறையும் அங்கே புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றும்.

இந்தத் தவறை நான் இரண்டு வருடம் டியூஷனில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அவர்களில் யாராவது இப்போது எங்காவது பாடம் நடத்திக்கொண்டிருக்கலாம். போன மாதத்து முப்பத்திரண்டில் பதினான்கு தாள்களில் ஹீத்கிளிஃப் எதிரில் நின்று கண்கலங்குகிறான்.

கேத்தரின் பணத்துக்காகப் போனாள் என்று தீர்ப்பு எழுதுவது

போனாள், ஆனால் யாருக்காக என்று அவளே சொல்கிறாளே. நாங்கள் இருவரும் மணந்தால் பிச்சைதான் எடுக்க வேண்டும், லிண்டனை மணந்தால் ஹீத்கிளிஃபை அண்ணன் பிடியிலிருந்து மீட்டு மேலே கொண்டுவரலாம் என்பது அவள் திட்டம். உன் புருஷன் பணத்தை வைத்தா என்று நெல்லி உடனே மடக்குகிறாள். அந்தக் கேள்வியில் சட்டம் இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் மணமான பெண்ணின் காசு, நகை, பொருள் எல்லாம் கணவன் கைக்குப் போய்விடும். மணமான பெண்களின் சொத்துச் சட்டம் 1870இல்தான் முதலில் வந்தது, முழுதாகச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை 1882இல். நாவல் வந்தது 1847இல், கதை நடப்பது அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால். அவளுடைய திட்டம் முதல் நாளே ஓட்டைப் பானை.

அவளுக்குப் புரியாத இந்தக் கணக்கு ஹீத்கிளிஃபுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. ஹிண்ட்லியைச் சூதாடவிட்டு நிலத்தை அடமானத்தில் வாங்குகிறான், எட்கரின் தங்கை இசபெல்லாவை மணக்கிறான், பிறகு சாகக்கிடக்கும் தன் மகனுக்குக் கேத்தரினின் மகளைக் கட்டாயமாக மணம் முடித்து அவளுடைய அசையும் சொத்தையும் மகனின் உயில் வழியாகத் தன் பக்கம் இழுக்கிறான். சி. பி. சாங்கர் என்ற வழக்கறிஞர் 1926இல் இந்த நாவலின் தேதிகளையும் சொத்துச் சட்டத்தையும் ஒரு வழக்குக் கட்டுபோல் பிரித்து வைத்தார், எமிலி சட்டத்தில் எவ்வளவு கறாராக இருந்தார் என்பது அதில் தெரியும். காதல் கதைக்கு எதற்குச் சட்டம் என்று கேட்ட மாணவி ஒருத்திக்கு நான் பதில் சொல்லவில்லை, அந்த அடமான அத்தியாயத்தை மட்டும் படித்துவரச் சொன்னேன்.

ஹீத்கிளிஃபைக் கதாநாயகன் என்பது

இசபெல்லாவோடு ஓடிப்போகும் ராத்திரி அவளுடைய நாய்க்குட்டியைக் கைக்குட்டையில் தூக்கில் மாட்டியவன்.

எமிலியின் சொந்தக் காதலைத் தேடுவது

வேண்டாம்.

கேத்தரின் இறந்ததும் விடையை முடிப்பது

1939இல் வந்த ஹாலிவுட் படம் அப்படித்தான் செய்தது, அடுத்த தலைமுறையையே காணோம். நாவலில் மொத்தம் முப்பத்து நான்கு அத்தியாயம், கேத்தரின் இறப்பது பதினாறாவதின் தொடக்கத்தில். பாதிக்கு மேல் கதை மிச்சம் இருக்கிறது, ஏன் அழிந்தது என்பதற்கான பதிலும் அந்த மிச்சத்தில்தான் பாதி இருக்கிறது.

மாடியிலிருந்து விழுந்தபோது ஹீத்கிளிஃப் கையில் பிடித்த குழந்தை ஹேர்டன் நினைவிருக்கிறதா? அவனைத்தான் ஹீத்கிளிஃப் தனக்குச் செய்யப்பட்டதைப் போலவே வளர்க்கிறான், எழுத்து வாசனை இல்லாமல், தன் சொந்த வீட்டிலேயே கூலியாளாக. அந்த வீட்டு வாசலுக்கு மேலே கல்லில் ஹேர்டன் எர்ன்ஷா என்று ஒரு முன்னோரின் பெயரும் 1500 என்ற ஆண்டும் செதுக்கியிருக்கும். தன் பெயரையே வளர்ந்து ஆளான பிறகும் அவனுக்குப் படிக்கத் தெரியாது. பின்னால் ஒரு நாள் தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டிப் பெயரைப் படித்துக் காட்டுகிறான். சரி, அந்த எண்கள் என்று மகள் கேத்தரின் கேட்டால், அது இன்னும் வரவில்லை என்கிறான். அவள் சிரித்துவிடுகிறாள், அவன் முகம் சிவந்து போகிறது. இங்கேயும் அதே கதை திரும்பப் போகிறது என்றுதான் நமக்குத் தோன்றும்.

திரும்பவில்லை. கடைசியில் அவள் ஒரு நல்ல புத்தகத்தை வெள்ளைத் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, மேலே அவன் பெயரை எழுதி நெல்லியிடம் கொடுத்தனுப்புகிறாள். வாங்கிக்கொண்டால் நானே வந்து படிக்கச் சொல்லித் தருகிறேன், மாட்டேன் என்றால் மாடிக்குப் போய்விடுகிறேன், இனிமேல் வம்பு பண்ணமாட்டேன் என்று சொல்லச் சொல்கிறாள். அவன் விரலை விரிக்கவே இல்லை, நெல்லி அவன் முழங்காலில் வைத்துவிட்டுப் போகிறாள். அவன் தட்டிவிடவும் இல்லை. அவள் மேசையில் கைமேல் தலையைச் சாய்த்து, அவன் பக்கம் பார்க்காமல், காத்திருக்கிறாள். தாள் பிரிகிற மெல்லிய சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்காருகிறாள்.