பழைய இசைக்குழுவின் பெயரைக் கெடுக்கும் தவறுகள்: பீச் பாய்ஸ் கதையிலிருந்து

அறுபதுகளில் கொடிகட்டிப் பறந்த ஒரு பாப் குழுவின் பெயருக்கு அறுபது ஆண்டுகள் கழித்தும் டிக்கெட் விற்கிறதென்றால், அதற்குப் பாட்டு மட்டும் காரணமில்லை. பேட்டி, போஸ்டர், தொகுப்பு ஆல்பம், விருது மேடை, வழக்கு, உரிமம் என்று பாட்டுக்கு வெளியே நடக்கும் வேலைகளும் அந்தப் பெயரைக் காப்பாற்றுகின்றன. கெடுப்பதும் அவைதான். இதை விளக்க அமெரிக்காவின் பீச் பாய்ஸைவிடப் பொருத்தமான குழு எனக்குத் தெரிந்து கிடையாது.

கலிஃபோர்னியாவில் ஹாதார்ன் என்ற ஊரில் பிரையன், டென்னிஸ், கார்ல் என்ற மூன்று வில்சன் சகோதரர்களும், அவர்களுடைய அத்தை மகன் மைக் லவ்வும், நண்பர் ஆல் ஜார்டினும் சேர்ந்து 1961இல் தொடங்கிய குழு இது. குரல் மேல் குரலாக அடுக்கி அவர்கள் எழுப்பிய இசை இன்றைக்குக் கேட்டாலும் சிலிர்க்கிறது. அப்படிப்பட்ட குழுவே தன் பெயரைப் பலமுறை காயப்படுத்திக்கொண்டது. அந்தக் காயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே தவறில் போய் முடிகின்றன: தங்களுக்குள் பேசி முடிக்காத ஒன்றை ஊருக்கு அறிவித்துவிடுவது.

பெயரே அப்படித்தான் வந்தது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் பெண்டில்டோன்ஸ். முதல் இசைத்தட்டு அச்சாகி வந்த பெட்டியைத் திறந்தபோதுதான் கேண்டிக்ஸ் நிறுவனம் ‘பீச் பாய்ஸ்’ என்று போட்டிருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. அவர்களில் அலைச்சறுக்கு ஆடியவர் டென்னிஸ் ஒருவர்தான்.

முடியாத வேலைக்குத் தேதி குறிப்பது

முதலில் ஒரு நல்ல விளம்பரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1966 மே மாதம் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பம் வந்தது. அமெரிக்காவில் அது பத்தாம் இடத்தோடு நின்றது, இங்கிலாந்தில் இரண்டாம் இடம்வரை போனது. இங்கிலாந்தில் எடுபட்டதற்கு இரண்டு பேரின் உழைப்பு காரணம். குழுவில் பின்னால் சேர்ந்த புரூஸ் ஜான்ஸ்டன் இசைத்தட்டைக் கையோடு லண்டனுக்குக் கொண்டுபோய், ஹோட்டல் அறையில் ஜான் லெனனுக்கும் பால் மெக்கார்ட்னிக்கும் போட்டுக் காட்டினார். பீட்டில்ஸிடம் முன்பு பத்திரிகைத் தொடர்பாளராக இருந்த டெரக் டெய்லர், ‘பிரையன் வில்சன் ஒரு மேதை’ என்ற ஒரே செய்தியைப் பத்திரிகைகளில் விடாமல் பரப்பினார். பேச்சு பெரிதுதான், ஆனால் அந்தப் பேச்சுக்கு ஈடாகக் கையில் இசைத்தட்டு இருந்தது. சந்தேகப்பட்டவர்கள் வாங்கிக் கேட்டுக்கொள்ளலாம். அந்த அக்டோபரில் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ என்ற தனிப்பாடல் வெளியாகி இரண்டு நாடுகளிலும் முதலிடம் பிடித்தது. ஆண்டுக் கடைசியில் பிரிட்டனின் என்.எம்.இ. பத்திரிகை நடத்திய வாசகர் வாக்கெடுப்பில் உலகின் சிறந்த பாடகர் குழுவாக பீட்டில்ஸைத் தள்ளிவிட்டு இவர்கள் வந்தார்கள்.

அடுத்த ஆல்பத்துக்கும் அதே பேச்சு தொடர்ந்தது. இந்தத் தடவை கையில் இசைத்தட்டு இல்லை. ‘ஸ்மைல்’ என்று பெயர் வைத்து, 1967 ஜனவரியில் வரும் என்று சொல்லிவிட்டார்கள். பிரையன் பாடல்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பதிவுசெய்து, பிறகு வெட்டி ஒட்டிக் கோக்கும் முறையில் வேலை செய்துகொண்டிருந்தார். எந்தத் துண்டு எந்தப் பாட்டில் உட்காரும் என்பது அவருக்கே உறுதியாகவில்லை. வேன் டைக் பார்க்ஸ் எழுதிய வரிகள் என்ன சொல்ல வருகின்றன என்று மைக் லவ் கேட்டுக்கொண்டிருந்தார். ராயல்டி பாக்கி தொடர்பாக, இசைத்தட்டுகளை வெளியிட்டுவந்த கேப்பிட்டல் நிறுவனத்தோடு வழக்கு வேறு. இத்தனைக்கும் நடுவில் நிறுவனம் நான்கு லட்சத்துக்கும் மேல் உறைகளை அச்சடித்து வைத்துவிட்டது. அந்த உறையின் பின்பக்கத்தைப் பார்த்தால் போதும், நிலைமை தெரிந்துவிடும். பாட்டுப் பட்டியல் இருக்கிறது, கூடவே ‘சரியான வரிசைக்கு லேபிளைப் பாருங்கள்’ என்ற குறிப்பும் இருக்கிறது. லேபிளில் அச்சடிக்க வரிசை என்று ஒன்று கடைசிவரை வரவேயில்லை.

1967 மே மாதம், ஆல்பம் கைவிடப்பட்டது என்ற செய்தியை அதே டெரக் டெய்லரே எழுத வேண்டியதாயிற்று. சில வாரங்களில் பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ வந்தது. ஜூனில் மாண்டெரே இசைவிழாவிலிருந்து பீச் பாய்ஸ் விலகிக்கொண்டார்கள். செப்டம்பரில் ‘ஸ்மைலி ஸ்மைல்’ என்று வீட்டில் எளிமையாகப் பதிவுசெய்த ஓர் ஆல்பத்தைக் கொடுத்தார்கள். தனியாகக் கேட்டால் அது அழகான ஆல்பம். ஆனால் ‘மேதையின் மகத்தான படைப்பு’ என்று ஓர் ஆண்டாகக் கேட்டுக் காத்திருந்தவர்களுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் 41ஆம் இடம். விளம்பரம் இல்லாமல் வந்திருந்தால் தப்பித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே பழைய குழு ஒன்றுக்கு விளம்பர வேலை பார்ப்பவர்கள், கடைசி ஒலிக்கலவை முடிந்து கைக்கு வராமல் தேதி சொல்லக் கூடாது. ‘புதிய பாடல்கள் பதிவாகின்றன’ என்பதோடு நிறுத்திக்கொண்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உடம்பு சரியில்லாதவரைச் செய்தியாக்குவது

பீச் பாய்ஸ் கதையில் என்னை மிகவும் வருத்துவது 1976. பத்தாண்டுகளாக மனநலப் பிரச்சினையிலும் போதைப்பழக்கத்திலும் ஒடுங்கிப்போயிருந்த பிரையன் அப்போதுதான் மெல்லத் தலைதூக்கினார். யூஜீன் லாண்டி என்ற உளவியலாளரின் மேற்பார்வையில் இருந்தார். ‘பிரையன் திரும்பிவிட்டார்’ என்ற வாசகத்தோடு குழு ஒரு பெரிய பிரச்சாரத்தைத் தொடங்கியது. பதினைந்தாம் ஆண்டுக்காக வந்த ‘ஃபிஃப்டீன் பிக் ஒன்ஸ்’ ஆல்பத்தில் ஏறத்தாழ பாதி, மற்றவர்களின் பழைய பாடல்களைத் திரும்பப் பாடியவை. அதிகச் சுமையில்லாமல் பிரையனை மறுபடி வேலைக்குப் பழக்கும் முயற்சி அது. அதை மகத்தான மறுவருகையாக விற்றார்கள். டென்னிஸும் கார்லும் அந்த ஆல்பம் தங்களுக்குத் திருப்தியில்லை என்று பத்திரிகைகளிடமே சொன்னார்கள். ஒரே குழுவிலிருந்து இரண்டு செய்தி வெளியே போனது.

அந்த ஆகஸ்டில் ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு காட்சி வரும். நகைச்சுவை நடிகர்களான ஜான் பெலுஷியும் டான் அய்க்ராய்டும் போலீஸ் உடையில் பிரையனின் படுக்கையறைக்குள் நுழைவார்கள். அலைச்சறுக்கு ஆடாத குற்றத்துக்காக அவரைப் பிடித்து, வீட்டு அங்கியோடே கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பலகையோடு தண்ணீரில் விடுவார்கள். அவருக்கு அப்போது 34 வயது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர் முகத்தை இன்று பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. படுக்கையைவிட்டு எழ முடியாமல் கிடந்த ஒருவருடைய படுக்கையறையையே நகைச்சுவைக் களமாக்கிவிட்டார்கள். பேட்டி எடுக்கப் போன நிருபர்கள் அவர் இன்னும் தேறவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தார்கள், பார்த்ததை எழுதினார்கள். பிரச்சாரம் சொன்னதற்கு நேர்மாறான செய்தி பரவியது. லாண்டி அந்த ஆண்டே விலக்கப்பட்டு, எண்பதுகளில் மறுபடி அழைக்கப்பட்டு, பிரையனின் வாழ்க்கையையே தன் பிடிக்குள் வைத்துக்கொண்டது தனிக் கதை. 1992இல் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அந்தத் தொடர்பு அறுந்தது.

மூத்த கலைஞர்களை வைத்து நிகழ்ச்சி நடத்தும் எவரும் இதை மறக்கக் கூடாது. நோயிலிருந்து மீள்பவரின் பெயரைப் போஸ்டரின் உச்சியில் போட்டால், அன்றைக்கு அவர் எப்படி இருக்கிறார் என்பதே விமர்சனமாகிவிடும். ‘முடிந்தால் இரண்டு பாட்டு பாடுவார்’ என்று முன்கூட்டியே சொல்வது அவருக்கும் நல்லது, பணம் கொடுத்து வருபவருக்கும் நல்லது.

பழைய பாட்டைக் கொண்டு புதிய பாட்டை அமுக்குவது

‘பெட் சவுண்ட்ஸ்’ வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கேப்பிட்டல் நிறுவனம் ‘பெஸ்ட் ஆஃப் தி பீச் பாய்ஸ்’ தொகுப்பைக் கடைக்கு அனுப்பியது. கடைக்காரருக்கு எது சுலபமாக விற்குமோ அதுதான் முன்வரிசையில் இருக்கும். குழு வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் அதன் சொந்த நிறுவனமே நேற்றைய படத்தை மக்கள் முன் நீட்டியது. 1974இல் ‘எண்ட்லெஸ் சம்மர்’ தொகுப்பு அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததும் அந்தப் படம் நிரந்தரமாகிவிட்டது. கடல், கார், வெயில். தொகுப்பு போடுவதில் தவறில்லை. இவர்களை மறுபடி வாழவைத்ததே அதுதான். தவறு, எழுபதுகளின் தொடக்கத்தில் அவர்களே செய்த துணிச்சலான ஆல்பங்களிலிருந்து ஒரு பாட்டைக்கூடத் தொகுப்பில் சேர்க்காமல் விட்டதில் இருக்கிறது.

யார் எழுதியது என்று அன்றே எழுதிவைக்காதது

வில்சன் சகோதரர்களின் தந்தை மரி வில்சன்தான் முதல் மேலாளர். 1964இல் அவரை நீக்கினார்கள், ஆனால் பாடல் வெளியீட்டு உரிமை நிறுவனமான ‘சீ ஆஃப் ட்யூன்ஸ்’ அவர் கையிலேயே இருந்தது. 1969இல் அதை 7 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அந்தப் பாடல்களின் பிற்கால மதிப்போடு பார்த்தால் அது சில்லறைக் காசு. பிரையன் வழக்குப் போட்டு 1992இல் ஒரு கோடி டாலர் பெற்றார். உடனே மைக் லவ் பிரையன்மீது வழக்குப் போட்டார். ‘கலிஃபோர்னியா கேர்ள்ஸ்’, ‘ஐ கெட் அரவுண்ட்’ உட்படப் பல பாடல்களுக்குத் தானும் வரிகள் எழுதியிருக்க, லேபிளில் தன் பெயர் இல்லை என்பது அவர் வாதம். 1994இல் 35 பாடல்களுக்கு அவர் பக்கம் தீர்ப்பானது.

மைக் லவ்வைப் பலருக்குப் பிடிக்காது. இந்த விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதை ரசிகர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது ஆண்டு தாமதமான நியாயத்தில் குடும்பமே நீதிமன்றத்தில் எதிரெதிராக உட்கார்ந்தது. பாட்டு பதிவான அன்றே ஒரு தாளில் பெயர்களும் பங்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்.

அதே மைக் லவ் 1988 ஜனவரியில், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழு சேர்க்கப்பட்ட விழாவில், நன்றி சொல்ல வேண்டிய மேடையில் பீட்டில்ஸையும் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரையும் வம்புக்கு இழுத்தார். பிறகு மேடையேறிய பாப் டிலன், தன் பெயரைச் சொல்லாமல் விட்டதற்காக மைக்குக்கு நன்றி சொன்னார். அந்த இரவைப் பற்றி இன்றும் பேசப்படுவது இது மட்டும்தான்.

ஒரு பெயர், இரண்டு மேடை

1998 பிப்ரவரியில் கார்ல் இறந்தார். டென்னிஸ் 1983லேயே போய்விட்டார். குழுவின் பெயர், குழுவினரே பங்குதாரர்களாக இருந்த ‘பிரதர் ரெக்கார்ட்ஸ்’ நிறுவனத்தின் சொத்து. அந்தப் பெயரில் ஊர் ஊராகக் கச்சேரி செய்யும் உரிமம் மைக் லவ்வுக்குப் போனது. ஆல் ஜார்டின் ‘பீச் பாய்ஸ் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்ற பெயரில் தனியாகக் கச்சேரி நடத்த, அவர் பங்குதாரராக இருந்த அந்த நிறுவனமே அவர்மீது வழக்குப் போட்டு வென்றது. சட்டப்படி சரிதான், ரசிகனுக்குத்தான் எது அசல் என்ற குழப்பம் மிஞ்சியது.

2012இல் ஐம்பதாம் ஆண்டுக்காகப் பிரையன், மைக், ஆல், புரூஸ், ஆரம்பகால உறுப்பினர் டேவிட் மார்க்ஸ் ஐவரும் சேர்ந்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் நடந்தன. புதிய ஆல்பம் அமெரிக்காவில் மூன்றாம் இடம் வந்தது. பழைய கசப்பெல்லாம் ஓய்ந்தது என்று நம்பியவர்களில் நானும் ஒருத்தி. பயணம் லண்டனில் முடியும் தறுவாயில், இனி மைக்கும் புரூஸும் தங்கள் வழக்கமான குழுவோடு தொடர்வார்கள் என்று பத்திரிகை அறிக்கை வந்தது. பிரையன் தொடர விரும்பினார். அறிக்கை தனக்கு அதிர்ச்சியாக இருந்தது, வேலையைவிட்டு அனுப்பியதுபோல் இருந்தது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். சேர்ந்து பாடுவது குறிப்பிட்ட காலத்துக்கு என்றுதான் முதலிலேயே பேச்சு, பிரையனை யாரும் நீக்கவில்லை என்று மைக் பதில் எழுதினார். இருக்கலாம். அப்படியானால் அந்த முடிவுத் தேதியை முதல் போஸ்டரிலேயே போட்டிருக்க வேண்டும். ஐவரும் ஒன்றாக உட்கார்ந்து ‘இத்தனை கச்சேரிகள், அதோடு விடைபெறுகிறோம்’ என்று சொல்லியிருந்தால் அது கொண்டாட்டமாகவே முடிந்திருக்கும்.

2020 அக்டோபரில், நியூபோர்ட் பீச்சில் டிரம்புக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சியில் மைக்கின் குழு ‘பீச் பாய்ஸ்’ பெயரில் பாடியது. அதற்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று பிரையனும் ஆலும் அறிக்கை விட வேண்டி வந்தது. எந்தக் கட்சி என்பது இங்கே பேச்சில்லை. கூட்டுப்பெயரை அரசியல் மேடைக்குக் கொண்டுபோகும் முன் பெயரில் பங்குள்ள எல்லாரிடமும் கேட்க வேண்டும் என்ற ஒரு வரி உரிம ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் போதும்.

சரியாகச் செய்ததும் இருக்கிறது, அதுவும் அவர்களை மிகவும் அவமானப்படுத்திய அதே ‘ஸ்மைல்’ விஷயத்தில். 2004இல் பிரையன் தன் சொந்தக் குழுவோடு லண்டனில் அதை முழுமையாக மேடையேற்றினார். 2011இல் பழைய ஒலிநாடாக்கள் ‘ஸ்மைல் செஷன்ஸ்’ என்று பெட்டியாக வந்தன. தொலைந்த ஆல்பத்தைக் கண்டெடுத்து முடித்துவிட்டோம் என்று அவர்கள் பொய் சொல்லவில்லை. 2004இன் வரிசையை வழிகாட்டியாக வைத்துத் துண்டுகளைக் கோத்து, கூடவே பதிவறைப் பேச்சு, தடுமாற்றம், பாதியில் நின்ற முயற்சிகள் எல்லாவற்றையும் கேட்கக் கொடுத்தார்கள். சிறந்த வரலாற்று ஆல்பத்துக்கான கிராமி அதற்குக் கிடைத்தது.

2025 ஜூனில் பிரையன் தன் 82ஆம் வயதில் இறந்தார். பெயரும் பாடல்களும் சார்ந்த உரிமைகளில் பெரும்பங்கு 2021லேயே ஐகானிக் ஆர்ட்டிஸ்ட்ஸ் குரூப் என்ற நிறுவனத்துக்குக் கைமாறிவிட்டது. வாரிசுகளும் நிறுவனங்களும் முடிவெடுக்கும் காலம் வந்துவிட்டதால், ரசிகர்கள் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது: குழுவின் பெயருக்கு நேர் கீழே, அன்று மேடையில் நிற்கப்போகும் பழைய உறுப்பினர் யார் யார் என்று படிக்கக்கூடிய எழுத்தில், டிக்கெட் விற்பனை தொடங்கும் நாளிலேயே அச்சிட வேண்டும்.