சின்ன டெலஸ்கோப்: பெட்டியைப் பிரிப்பது முதல் சனி வளையம் வரை

டெலஸ்கோப் வாங்கிய முதல் இரவு, மொட்டைமாடியில் இரண்டு மணி நேரம் நின்று நான் பார்த்தது வெறும் கறுப்பு. நிலா தலைக்கு மேல் பளிச்சென்று இருக்கிறது, குழாயும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கிறது, உள்ளே மட்டும் ஒன்றுமில்லை. ரிப்பேர் பீஸைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே படுத்தேன். மறுநாள் பகலில்தான் தெரிந்தது, ரிப்பேர் எதுவும் இல்லை. பகலில் செய்ய வேண்டிய வேலையை இருட்டில் செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நான் எடுத்துக்கொள்வது 70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத் தொலைவு, மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகரும் ஸ்டாண்ட், 25 மற்றும் 10 மி.மீ. ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் குட்டி லென்ஸ் குழல்கள்) கொண்ட சாதாரண லென்ஸ் டெலஸ்கோப். உங்களுடையது 60 அல்லது 80 ஆக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

1. பகலில் பூட்டுங்கள்

ட்ரைபாட் கால்களை முழுக்க நீட்டாதீர்கள். பாதி நீட்டினால் போதும், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கலாம். இந்த விலையில் வரும் ட்ரைபாட் முருங்கைக் கிளை மாதிரி ஆடும். நீட்ட நீட்ட இன்னும் ஆடும். நடுத்தட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்தோ கட்டித் தொங்கவிட்டோ பாருங்கள், ஆட்டம் நன்றாகக் குறையும்.

குழாயின் முன்மூடியில் சில மாடல்களில் சின்னதாக இன்னொரு மூடி இருக்கும். அதை மட்டும் கழற்றினால் லென்ஸின் பெரும்பகுதி மூடியே கிடக்கும். பெரிய மூடியையே எடுத்துவிடுங்கள். பின்பக்கம் ஒளியை 90 டிகிரி திருப்பும் டயகனல், அதற்குள் 25 மி.மீ. ஐபீஸ். பல மாடல்களில் டயகனல் இல்லாமல் ஐபீஸை நேராகச் செருகினால் ஃபோகஸே கிடைக்காது. டயகனல் வழியாகத் தெரிவது நிமிர்ந்துதான் இருக்கும், ஆனால் இடவலம் மாறியிருக்கும். குழாயைப் பக்கவாட்டில் தள்ளும்போது உருவம் நீங்கள் எதிர்பார்ப்பதற்கு எதிர்ப்பக்கம் ஓடும். பழகிவிடும்.

2. ஃபைண்டர்: இதில் அவசரப்படாதீர்கள்

ஃபைண்டர் என்பது குழாயின் மேல் இருக்கும், குறிபார்க்க உதவும் குட்டிக் கருவி. முதல் இரவு நான் கோட்டைவிட்டது இதில்தான். 25 மி.மீ. ஐபீஸ் தரும் 28 மடங்கில்கூட டெலஸ்கோப் காட்டும் வானம் இரண்டு டிகிரிக்கும் குறைவு. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் மறையும் அளவுதான். ஃபைண்டர் ஒரு இடத்தையும் குழாய் வேறு இடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் நிலாவைக்கூடப் பிடிக்க முடியாது.

வெயில் தாழ்ந்த பிறகு, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். ஒரு கிலோமீட்டராவது தள்ளியிருக்கும் செல்போன் டவர் உச்சியையோ கோபுரக் கலசத்தையோ 25 மி.மீ. ஐபீஸில் நடுவுக்குக் கொண்டுவந்து, ஃபோகஸ் திருகைச் சுற்றிக் கூர்மையாக்கி, ஸ்டாண்டை இறுக்குங்கள். பிறகு குழாயைத் தொடாமல், ஃபைண்டரின் திருகுகளை மட்டும் திருகி, அதன் குறுக்குக்கோடோ சிவப்புப் புள்ளியோ அதே கலசத்தின் மேல் உட்காரும்படி செய்யுங்கள். 10 மி.மீ. போட்டு இன்னொரு முறை சரிபாருங்கள். பத்து நிமிட வேலை. இரவில் ஏதாவது நட்சத்திரத்தைக் காட்டி நுனியளவு திருத்திக்கொள்ளலாம்.

சூரியனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெலஸ்கோப் வழியாகவோ ஃபைண்டர் வழியாகவோ ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். ஐபீஸில் திருகும் கறுப்பு ‘சன் ஃபில்டர்’ உங்கள் பெட்டியில் இருந்தால் குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது சட்டென்று விரிசல் விடக்கூடியது. பகலில் குழந்தைகள் கையில் டெலஸ்கோப்பைத் தனியாகக் கொடுக்காதீர்கள்.

3. எந்த ஐபீஸ்?

கணக்கு எளிது. குவியத் தொலைவான 700ஐ ஐபீஸ் எண்ணால் வகுங்கள். 25 போட்டால் 28 மடங்கு, 10 போட்டால் 70. பெட்டியின் மேல் 525 மடங்கு என்று போட்டிருப்பார்கள். 4 மி.மீ. ஐபீஸோடு மூன்று மடங்கு பார்லோவை (உருவத்தை மேலும் பெரிதாக்கும் துணை லென்ஸ்) சேர்த்தால் கணக்குக்கு அது வரும், படம் வராது. லென்ஸின் மி.மீ. அளவைப் போல இரண்டு மடங்கு, அதாவது 70 மி.மீ. லென்ஸுக்கு 140, அதுதான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் மங்கலும் நடுக்கமும்தான். எப்போதும் 25இல் தேடிப் பிடித்து, நடுவில் வைத்து, அப்புறம் 10க்கு மாறுங்கள்.

பூமி சுற்றுவதால் பார்ப்பது நகர்ந்துகொண்டே போகும். 70 மடங்கில் மூன்று நிமிடத்துக்குள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போய்விடும். ஓடி வரும் பக்கத்து ஓரத்தில் அதை வைத்துவிட்டுக் கையை எடுங்கள், ஆட்டம் அடங்கும், மெதுவாகத் தானே நடுவுக்கு வரும். வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்.

4. முதலில் நிலா, ஆனால் பௌர்ணமியில் வேண்டாம்

பௌர்ணமி நிலா கண் கூசும் வெள்ளைத் தட்டு. சூரியன் நேர் எதிரே இருப்பதால் நிழலே விழாது, மேடு பள்ளம் தெரியாது. தினசரி காலண்டரில் வளர்பிறை பஞ்சமி முதல் தசமி வரை குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள். அஷ்டமியை ஒட்டி நிலாவின் நடுப்பகுதியில் மூன்று பெரிய பள்ளங்கள் வரிசையாக நிற்கும்: டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், அர்ஸாகெல். அப்பெனைன் மலைத்தொடர் வளைந்து போகும். ஓரிரு நாளில் 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிகஸ் வெளிச்சத்துக்கு வரும். சுற்றுச்சுவரின் உட்புறம் படிக்கட்டு மாதிரி இறங்க, நடுவில் குட்டி மலைகள். இருட்டுப் பக்கத்தில் தனியாக ஒரு வெள்ளைப் புள்ளி மினுக்கினால் அது வெயில் பட்ட மலை உச்சி. அரை மணி கழித்துப் பாருங்கள், புள்ளி கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

5. கோள்கள்

வியாழன் 28 மடங்கிலேயே தட்டையான சின்ன வட்டமாகத் தெரியும், பக்கத்தில் ஒரே கோட்டில் நான்கு துணைக்கோள்கள் வரை. 1610இல் கலிலியோ பார்த்தவை இவைதான். எட்டு மணிக்கு ஒரு தாளில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பத்து மணிக்கு மறுபடியும். நான்கில் மிக உள்ளே இருக்கும் ‘ஐயோ’ என்ற துணைக்கோள் 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிப்பது, அதனால் இடம் மாறியிருப்பது தெரியும்.

சனி 70 மடங்கில் மிளகளவுதான், ஆனால் வளையத்தோடு. 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டியது. இப்போது ஆண்டுக்காண்டு விரிந்து வருகிறது, 2032 வாக்கில் அகலமாகத் தெரியும். எது எங்கே இருக்கிறது என்பதற்கு ஸ்டெல்லேரியம் ஆப் போதும், இலவசம்.

நம் ஊரில் ஒரு தொல்லை உண்டு. கோள்கள் பெரும்பாலும் உச்சந்தலைக்குப் பக்கமாகவே கடக்கும். அங்கே குழாயை நிமிர்த்தினால் பின்பக்கம் ட்ரைபாட் காலில் இடிக்கும். கழுத்தை ஒடித்துக்கொள்ளாமல், கிழக்கில் பாதி உயரம் ஏறும்போதே பாருங்கள். கோடையில் கான்கிரீட் மாடி இரவு வெகுநேரம் சூட்டைக் கக்கும், படம் கானல் மாதிரி நெளியும். தரையில் மண்ணோ புல்லோ இருந்தால் அங்கே போங்கள்.

6. அதற்கும் அப்பால்

நிலா இல்லாத இரவு வேண்டும், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும், அதுவரை செல்போனைத் தொடாதீர்கள். கார்த்திகைக் கூட்டம் வெறுங்கண்ணுக்கு ஆறு, 28 மடங்கில் பல டஜன். ஜனவரி முதல் மார்ச் வரை, ஓரியன் விண்மீன் கூட்டத்தின் வாளில் ஊதிய புகை மாதிரி ஒரு நெபுலா, அதாவது வாயு மேகம். நேராக முறைக்காமல் சற்றே ஓரக்கண்ணால் பார்த்தால் புகை பரவித் தெரியும்.

எனக்குப் பிடித்தது ஆல்ஃபா சென்டாரி. ஜூன் தொடக்கத்தில் இரவு பத்து மணிவாக்கில் தெற்கே தாழ்வாக இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் அடுத்தடுத்து நிற்கும், அதில் இடப்பக்கம். டெல்லிக்காரர்களுக்கு இது அடிவானத்தை உரசிவிட்டுப் போய்விடும், நமக்கு 17 டிகிரி உயரம் வரை ஏறும். 70 மடங்கில் ஒன்று இரண்டாகப் பிரியும். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார்தான் இது இரட்டை என்று முதலில் கண்டவர்.

7. உள்ளே கொண்டுவந்த பிறகு

மார்கழிப் பனியில் லென்ஸ் வேர்த்திருந்தால் துடைக்காதீர்கள், வேட்டி நுனியை அங்கே கொண்டுபோகவே கூடாது. அறைக்குள் குழாயைச் சற்றுத் தாழ்த்தி வைத்துத் தானாகக் காயவிட்டு, அப்புறம் மூடியைப் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் ஐபீஸ் டப்பாவுக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

பிரித்துப் பெட்டியில் போட்டால் அடுத்தது பரண்தான். என்னுடையது பழைய தலையணை உறையைப் போர்த்திக்கொண்டு, பூட்டியபடியே பீரோ பக்கத்தில் நிற்கிறது. மேகம் விலகினால் மாடிக்குத் தூக்கிப்போக இரண்டு நிமிடம்.