மைலோனைட்டில் நகர்வுத் திசையைப் படிப்பது எப்படி?

பழங்காலக் கண்ட விளிம்புகள் மோதி உரசிய இடங்களில் எல்லா நகர்வும் ஒரே பிளவில் நடந்து முடிவதில்லை. ஆழத்தில் பாறை உடைவதற்குப் பதிலாக, உருகாமலே சூட்டில் இழுபடும். அப்படி இழுபட்ட பட்டைதான் ஷியர் மண்டலம். அதற்குள் துகள்கள் பொடியாகி இழுபட்டுக் கிடக்கும் பாறைதான் மைலோனைட். அகலம் சில சென்டிமீட்டரும் இருக்கலாம், பல கிலோமீட்டரும் இருக்கலாம். எந்தப் பக்கம் எங்கே நகர்ந்தது என்று பார்க்க காம்பஸ், பத்து மடங்கு கை லென்ஸ், அழியாத மார்க்கர் இருந்தால் போதும்.

1. பட்டைக்குள் நுழையுங்கள்

சிதையாத கிரானைட்டிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். போகப்போகப் படலங்கள், அதாவது பாறையில் தெரியும் மெல்லிய அடுக்குகள், நெருங்கும், துகள்கள் பொடியாகும். பொடித்துகள் பங்கு பாதிக்குக் கீழே என்றால் புரோட்டோமைலோனைட், 50 முதல் 90 சதவீதம் என்றால் மைலோனைட், அதற்கு மேல் அல்ட்ராமைலோனைட். கிரானைட்டின் கனிமங்களில் குவார்ட்ஸ் சுமார் 300 டிகிரி செல்சியஸிலேயே இழுபடத் தொடங்கும். ஃபெல்ட்ஸ்பாருக்கு 450, 500 வேண்டும். இடைப்பட்ட சூட்டில் ஃபெல்ட்ஸ்பார் மட்டும் கண்விழி போல முழித்துக்கொண்டு நிற்கும். நமக்குச் சாட்சி அதுதான்.

2. சரியான முகத்தைப் பிடியுங்கள்

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். முதலில் படலத்தின் மேற்பரப்பில் மைக்காவும் குவார்ட்ஸும் ஒரே திசையில் நீண்டு கிடக்கும் கோட்டைத் தேடுங்கள். அந்தக் கோட்டுக்கு இணையாகவும் படலத்துக்குச் செங்குத்தாகவும் உள்ள முகத்தைத்தான் படிக்க வேண்டும். கோட்டுக்குக் குறுக்கே வெட்டிய முகத்தில் கண்கள் இருபுறமும் ஒன்றுபோலவே தெரியும். "திசையே இல்லை" என்று தவறாக எழுதிவிடுவீர்கள்.

3. படியுங்கள்

படலம் கிடையாகத் தெரியும்படி தலையைச் சாய்த்துப் பாருங்கள். கண்ணின் இருபுறமும் பொடித்துகளால் ஆன வால்கள் இருக்கும். வலது வால் உயரத்திலும் இடது வால் தாழ்விலும் இருந்தால், மேற்பக்கம் வலப்புறம் நகர்ந்திருக்கிறது. மாறி இருந்தால் இடப்புறம்.

அடுத்தது எஸ், சி தளங்கள். சி என்பது நகர்வுக்கு இணையான மெல்லிய தளம். எஸ் என்பது துகள்கள் நீண்டு தட்டையாகிக் கிடக்கும் தளம். அது சி-க்குச் சாய்வாக நகர்வுத் திசையை நோக்கி ஏறும். சிதைவு கூடக்கூட இரண்டுக்கும் இடையிலான கோணம் சுருங்கும், கடைசியில் பிரித்தறிய முடியாமல் போகும். கவனிக்க வேண்டிய வில்லங்கம் ஒன்று உண்டு: சி-பிரைம் எனும் பட்டைகள் இதற்கு எதிர்ச்சாய்வில், நகர்வுத் திசையை நோக்கி இறங்கும். அதை எஸ் என்று எண்ணிவிட்டால் விடை தலைகீழ். படலத்தை வெட்டி, ஓரத்தில் அதை வளைத்து இழுத்திருந்தால் அது சி-பிரைம்.

4. எழுதிக்கொள்ளுங்கள்

"வலது" என்று மட்டும் எழுதாதீர்கள். அதே பாறையை எதிர்ப்பக்கமிருந்து பார்ப்பவருக்கு அது இடது. "மேற்பக்கம் வடமேற்காக" என்பது போலத் திசையோடு எழுதுங்கள். மாதிரி எடுப்பதானால், சுத்தியலை ஓங்கும் முன்பே தட்டையான ஒரு பரப்பில் கிடைக்கோடும் சாய்வுத் திசையும் கோணமும் குறித்துவிடுங்கள். குறியில்லாத துண்டை ஆய்வகத்தில் 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தாலும் திசை சொல்லாது.

5. சந்தேகப்படுங்கள்

ஒற்றைக் கண்ணை நம்பாதீர்கள். பத்துப் பதினைந்தாவது பார்த்து எண்ணிக்கை போடுங்கள். விரிசல் விட்டுச் சரிந்த ஃபெல்ட்ஸ்பார் துண்டுகளைத் தனியாக நம்பவே வேண்டாம். விரிசல் தொடங்கிய கோணத்தைப் பொறுத்து அவை இரு திசையையும் காட்டும்.

விளிம்புப் பட்டைகள் பலவும் ஒருமுறை நகர்ந்ததோடு ஓய்வதில்லை. ஸ்காட்லாந்தின் மோய்ன் உந்துப்பிளவில் சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்பாறை மேற்கு-வடமேற்காக ஏறியது. புவியியலாளர் சார்லஸ் லாப்வொர்த் 1885-ல் மைலோனைட் என்று பெயரிட்டது அங்குள்ள பாறைக்குத்தான். இத்தகைய பட்டைகளில் மைலோனைட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நொறுங்கிய பாறை வந்தால், அது பிற்பாடு, ஆழம் குறைந்து குளிர்ந்த நிலையில் நடந்த நகர்வு. அதன் திசையைத் தனி வரியில் எழுதுங்கள். மைலோனைட்டின் கணக்கோடு சேர்க்காதீர்கள்.