தோல் நிற மரபணு பற்றிய செய்திகளை வாசிக்கும் முறை

தோல் நிறத்துக்கான மரபணு கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தால், எந்த இடத்துத் தோலை எப்படி அளந்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். முகத்திலும் புறங்கையிலும் பிறவி நிறத்தோடு வெயிலால் ஏறிய கருமையும் சேர்ந்திருப்பதால், வெயில் அதிகம் படாத மேற்கையின் உட்புறத்தில் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று கருவி கொண்டு அளப்பதே நம்பத்தக்க முறை.

அடுத்து, அந்த மரபணு தோலுக்குள் என்ன செய்கிறது என்று தேடுங்கள். தோலின் நிறமியான மெலனினை உருவாக்கும் மெலனோசைட் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதரிடமும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை உருவாக்கும் மெலனோசோம் என்னும் நுண்பைகளின் பருமனும் எண்ணிக்கையும், அவற்றிலுள்ள மெலனினின் வகையும் அளவுமே ஆளுக்கு ஆள் மாறுகின்றன. எஸ்எல்சி24ஏ5 மரபணு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜீப்ரா மீன்களில் ஒரு வகை பொன்னிறமாக வெளிறியிருப்பதன் காரணத்தைத் தேடியவர்கள், மனிதத் தோலிலும் இம்மரபணுவுக்குப் பங்குண்டு என்று 2005இல் அறிவித்தார்கள். இது உருவாக்கும் புரதத்தின் 111ஆவது இடத்தில் அலனின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாகத் திரியோனின் என்னும் வேறொன்று அமர்ந்தால் தோல் வெளிறுகிறது. ஐரோப்பியர் ஏறத்தாழ அனைவரிடமும் உள்ள இந்த மாற்றம் தெற்காசியாவிலும் பரவலாக உள்ளது. ஆனாலும் அங்கே இதைச் சுமக்கும் பலர் கருநிறத்தவர்களே. பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்யும் பண்பை ஒன்றின் பெயரால் அழைக்கும் தலைப்புகளை, ஆகவே, அப்படியே ஏற்காதீர்கள்.

பரிணாமக் காரணத்தை வாசிக்கும்போது புற ஊதாக் கதிரின் இரு விளைவுகளையும் சேர்த்தே நிறுத்துப் பாருங்கள். நிலநடுக்கோட்டுப் பகுதியின் கடும் கதிர், கரு வளர்ச்சிக்கு இன்றியமையாத ஃபோலேட் என்னும் வைட்டமினைச் சிதைக்கக்கூடியது; கருந்தோல் அதற்குக் காப்பாகிறது. கதிர் குறைந்த வடபகுதியிலோ கருந்தோலில் வைட்டமின் டி உருவாவது மெதுவாகிறது. ஆய்வாளர்கள் நினா ஜப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000இல் முன்வைத்த இந்த விளக்கமே இன்று பரவலாக ஏற்கப்படுகிறது.

நிற ஒற்றுமையை உறவாக எண்ணுவதுதான் பலரும் சறுக்கும் இடம். கிழக்காசியரின் வெளிர் நிறத்தில் ஓசிஏ2 மரபணுவின் வேறு மாற்றங்களுக்குப் பங்குண்டு. எஸ்எல்சி24ஏ5இன் அந்த மாற்றம் அவர்களிடம் அரிது. பசிபிக் தீவுகளில் வாழும் மெலனீசியரும் ஆப்பிரிக்கரும் ஒத்த கருமை கொண்டிருந்தும் மரபுவழியில் வெகு தொலைவில் நிற்கிறார்கள்.

காலத்தையும் கவனியுங்கள். ஸ்பெயினின் லா பிராஞ்ஞா குகையில் கிடைத்த, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய வேட்டைச் சமூகத்தவர் ஒருவரின் டிஎன்ஏ, கருந்தோலையும் நீலக் கண்ணையும் சுட்டியதாக 2014இல் அறிவிக்கப்பட்டது. எனினும், இன்று வாழ்பவர்களிடம் அறியப்பட்ட மாற்றங்களைக் கொண்டே பழங்கால நிறம் கணிக்கப்படுவதால், செய்தியோடு வரும் வண்ணச் சித்திரத்தைப் புகைப்படம்போல் எடுத்துக்கொள்ளலாகாது.