8 சதவீதத்தில் செத்துப்போகும் லெப்டொப்

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோதுதான், கல்லடியில் என் மேசையில் கிடந்த பழைய லெப்டொப்பின் குணம் பிடிபட்டது. அதில் ஓடும் இயங்குதளமான லினக்ஸ், பற்றரி 8 சதவீதம் என்று காட்டும். அடுத்த கணம் திரை கறுத்துவிடும்.

இதை லினக்ஸின் கோளாறு என்று திட்டுவது முதல் தவறு. தேய்ந்த பற்றரியின் மின்னழுத்தம் கடைசியில் சட்டென்று விழும். பற்றரியைக் கவனிக்கும் யூபவர் சேவையோ, வழக்கமாக 2 சதவீதம் வரும்வரை கைகட்டிக்கொண்டு நிற்கும். பாவித்த லெப்டொப் வாங்கியவர்களுக்கு அந்த 2 வரவே வராது.

சரி, கூட்டிவிடலாம் என்று யூபவரின் அமைப்புக் கோப்பில் ‘பெர்சன்டேஜ் அக்‌ஷன்’ என்பதை மட்டும் 10 ஆக்கினேன். ஒன்றும் மாறவில்லை. அதில் லோ, கிரிட்டிக்கல், அக்‌ஷன் என்று மூன்று எண்கள் இருக்கின்றன: பற்றரி குறைவு, ஆபத்து, நடவடிக்கை எடுக்கும் கட்டம். அவை அந்த வரிசையிலேயே இறங்கிவர வேண்டும். கிரிட்டிக்கல் 5 இல் நிற்க அக்‌ஷன் 10 ஆனால், திரையில் ஒன்றும் சொல்லாமல் மூன்றையும் ஒதுக்கிவிட்டுத் தன் பழைய எண்களுக்கே போய்விடும். அரைநாள் போனது எனக்கு. 25, 15, 10 என்று வைத்து, சேவையை மறுபடி தொடக்குங்கள்.

அப்புறம், அந்த 10 இல் என்ன நடக்கும்? இயல்பான தெரிவு கலப்பு உறக்கம். ரேமில் இருப்பதை வட்டில் எழுதிவைக்க அதற்குப் போதிய ஸ்வொப், அதாவது ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய இடம், வேண்டும். 16 ஜிபி ரேமுக்கு 2 ஜிபி ஸ்வொப்பை வைத்துக்கொண்டு அதை நம்பியிருக்காதீர்கள். ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேமும் உதவாது. கரண்ட் போனால் அதுவும் போகும். ஸ்வொப்புக்கு இடமில்லையென்றால் அதே கோப்பில் கலப்பு உறக்கத்துக்குப் பதிலாக ‘பவர் ஓஃப்’ என்று எழுதிவிடுவதே என் தெரிவு. சேமிக்காத பக்கம் போகும்தான், ஆனால் வட்டு ஒழுங்காக மூடப்படும்.

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கருவிகளான டிஎல்பியையும் பவர் புரொபைல்ஸ் சேவையையும் ஒன்றாக ஓடவிடாதீர்கள், ஒன்றின் வேலையை மற்றது குழப்பும்.

மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும் என்பதும் அரை உண்மை. புதிய மாதிரிகள் பலவற்றில் அது அரைத்தூக்கம். பைக்குள்ளேயே சூடாகிப் பற்றரியைக் குடிக்கும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் ஏறுமுன் நான் அணைத்தே விடுகிறேன்.